போர்ட் வெல்ட் பெயர்ப்பலகை

பள்ளி விடுமுறையில் கடற்கரையூர் ஒன்றுக்குச் சென்று வருவதில் மாணவர்க்குப் பெருமகிழ்ச்சி உண்டு. பீடோர் வட்டாரத்தார் பெரும்பாலும் லூமுட்டையும் பங்கோர்த் தீவையும் நாடுவர். ஆயின், வெண்மணல் இல்லாத, சேறும் கண்டற்காடும் சூழ்ந்த மீனவச் சிற்றூர் ஒன்றும் பேராக்கில் உண்டு. ஈப்போ, கோலா கங்சார், தைப்பிங் வழியே ஒரே நாளில் சென்று மீளலாம். இன்று அதன் பெயர் கோலா செபெத்தாங். முன்னாளில் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் இருப்புப்பாதை கடலைத் தொட்ட இடம் அதுவே.

அப்பாதை தோன்றக் காரணம் ஈயம். லாரூட் மண்ணில் கிடைத்த ஈயத்தின் பொருட்டுப் பூசல்கள் மூண்டன. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேயர் செல்வாக்கு வேரூன்றியது. சுரங்க நகரான தைப்பிங்கிலிருந்து ஈயத்தை விரைந்து துறைமுகம் சேர்க்க வேண்டியிருந்தது. எனவே எட்டு மைல் நீளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பெற்றது. சிலாங்கூரில் புகைவண்டி ஓடியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

இப்பாதையை அமைத்தவர் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட பயனியர் படையினர். பின்னர் நாடெங்கும் பாதைகள் பெருகியபோது, தண்டவாளம் தாங்கிய தோள்களுள் தென்னிந்தியத் தமிழர் தோள்கள் மிகுதி. எழுத்தராகவும் நிலையத் தலைவராகவும் பணிபுரிந்தோருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். எனினும், ஊர் பெற்ற பெயரோ ஆளுநர் சர் பிரடெரிக் வெல்ட் அவர்களுடையது. சேற்றில் நின்று கட்டை அடுக்கியவர்தம் பெயரை ஊரார் அறியார்.

1903ஆம் ஆண்டளவில் பிறையிலிருந்து சிரம்பான்வரை தொடர்பாதை அமைந்தது. ஈயம் பினாங்கை நோக்கி நிலவழியே சென்றது. சிறு துறைமுகத்தின் சிறப்புக் குன்றியது. இன்று அங்கே தண்டவாளம் இல்லை. மீன்பிடித் தொழிலும், மாத்தாங் கண்டற்காட்டு மரங்களைக் கரியாக்கும் சூளைகளுமே ஊரை வாழ்விக்கின்றன.

ஆயினும் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைவீதியில் நிற்கின்றது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றுடன் தமிழிலும் அதில் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அரசாங்கம் அழகுக்காக ஒரு மொழியை நிலையப் பலகையில் எழுதுவதில்லை. படிப்போர் இருந்தனர், ஆதலின் எழுதினர். நூல்கள் கூறாது விட்ட செய்தியை அத்தமிழ் எழுத்துகள் கூறுகின்றன.

ஆசிரியப் பெருமக்கள் மாணவரை அங்கு அழைத்துச் செல்க. பலகையை வாய்விட்டுப் படிக்கச் செய்து, "இதனை அன்று படித்தவர் யாவர்?" என வினவுக. ஊர் திரும்பியபின், தம் பாட்டன் பாட்டியர் எந்தத் தோட்டத்தில், எந்தப் பாதையில் உழைத்தனர் என்பதை ஏட்டில் எழுதச் செய்க. தோட்டம் மறைந்தபின்னும் அதன் பெயரைத் தமிழ்ப்பள்ளியே தாங்கி நிற்கும் இடங்கள் நம் மாநிலத்தில் பல. முதியோர் நினைவும் மறைந்துவிடின், வினவுதற்கு எவரும் இரார். பலகை ஒன்றையே சான்றாகக் கொண்டு வாழும் நிலை நம் வழித்தோன்றல்களுக்கு வாராதிருக்க, இன்றே எழுதி வைப்போம்.