காட்சியின் எல்லையும் கருதலின் எல்லையும்: பேரண்டத் தொடுவானத்துக்கு அப்பால்

பேரண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். கொள்கையளவில் நாம் காணத்தக்க பேரண்டத்தின் ஆரமோ ஏறத்தாழ 4650 கோடி ஒளியாண்டுகள். ஒளியை முந்தி எதுவும் செல்லாது என்றிருக்க, இரண்டாம் எண் முதல் எண்ணைப்போல் மும்மடங்குக்கு மேல் இருப்பது முரணாகத் தோன்றலாம். முரண் ஏதுமில்லை. ஒளி பயணம் செய்த காலமெல்லாம் அது கடந்துவந்த வெளியும் விரிந்துகொண்டே இருந்தது. புறப்பட்ட இடம் இன்று எங்கே இருக்கிறது என்பதையே இரண்டாம் எண் சொல்கிறது. அந்த ஆரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இருவகை விடைகள் வழங்குகின்றன. காண முடியாததைப் பற்றி அறிவியல் வாய்திறக்கக் கூடாது என்பது ஒன்று. எண்ணற்ற அண்டங்கள் இருப்பதாக, அளந்து பார்த்தவை போலவே அவற்றை விவரிப்பது மற்றொன்று. இரண்டுமே 'அப்பால்' என்பதைப் பிரிவற்ற ஒரே இருட்டாகக் கொள்கின்றன. தவறு அங்கேதான் தொடங்குகிறது. அப்பாலைப் பற்றிய நம் அறிவின் உறுதி தொடுவானத்தில் அறுந்துவிடுவதில்லை. அது படிப்படியாகத் தேய்கிறது. எந்தப் படியில் எவ்வளவு தேய்கிறது என்பதை இப்பால் கிடைத்த சான்றுகளைக்கொண்டே மதிப்பிடலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எல்லைகளைப் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் 'காணும் எல்லை' என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட எல்லைகள் கலந்து பேசப்படுகின்றன. நெருக்கமான எல்லை ஒளிபுகாமையால் ஆனது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை பேரண்டம் எலெக்ட்ரான்களும் அணுக்கருக்களும் தனித்தனியே அலைந்த சூடான மின்மக் குழம்பாக இருந்தது. ஒளி அதில் நேர்கோட்டில் செல்ல இயலாது. வெப்பம் தணிந்து நடுநிலை ஹைட்ரஜன் உருவானபோதுதான் வெளி தெளிந்தது. எந்த வெப்பநிலையில் எவ்வளவு வாயு அயனியாகி இருக்கும் என்பதைக் கணிக்க மேகநாத சாகா 1920-இல் தந்த சமன்பாடே இக்கணக்குக்கும் தொடக்கப்புள்ளி. விண்மீன்களின் நிறமாலைக்கென எழுந்த ஒரு சமன்பாடு பேரண்டத்தின் முதல் வெளிச்சத்தைக் கணிக்கவும் உதவுவது இயற்பியலின் ஒருமைக்குச் சிறந்த சான்று. அன்று விடுபட்ட ஒளியைத்தான் 1965-இல் பென்சியாசும் வில்சனும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சாக அறிவித்தனர். இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். அதை உமிழ்ந்த பொருள் அன்று நம் இடத்திலிருந்து சுமார் 4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது. இன்று 4500 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. நியூட்ரினோக்களுக்கும் ஈர்ப்பலைகளுக்கும் இந்தத் திரை தடையன்று. அவற்றைப் போதிய நுட்பத்தோடு பதிவுசெய்ய முடிந்தால் இன்னும் சற்று ஆழமாகப் பார்க்கலாம்.

இரண்டாவது, எந்தச் சைகையும் இன்றுவரை நம்மை வந்தடையக்கூடிய பெருந்தொலைவு. துகள் தொடுவானம் எனப்படும் இதுவே மேற்சொன்ன 4650 கோடி ஒளியாண்டு. இது மதிற்சுவர் அன்று. ஆண்டுதோறும் வெளிநோக்கி நகர்கிறது, நேற்று அப்பால் இருந்தது இன்று இப்பால் வருகிறது. மூன்றாவது நிகழ்வுத் தொடுவானம். 1998-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தொலைவிலுள்ள மீயொளிர் விண்மீன் வெடிப்புகளைக்கொண்டு பேரண்ட விரிவு முடுக்கமடைவதைக் கண்டறிந்தன. அந்த முடுக்கம் இப்படியே தொடருமானால், இன்று சுமார் 1600 முதல் 1700 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு விண்மீன் திரளிலிருந்து இப்போது புறப்படும் ஒளி எக்காலத்திலும் நம்மை வந்தடையாது. செம்பெயர்ச்சி ஏறத்தாழ 1.8-ஐத் தாண்டிய திரள்கள் அனைத்தும் இந்நிலையில் உள்ளவை. காணத்தக்க பேரண்டத்தின் கன அளவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதி இவ்வாறு நம் தொடர்பை ஏற்கெனவே இழந்துவிட்டது.

இந்த மூன்றாம் எல்லையே, காணாததைப் பற்றிப் பேசலாகாது என்பாருக்கு முதல் விடை. செம்பெயர்ச்சி 10 உடைய ஒரு திரளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படம் எடுக்கிறது. நாம் காண்பது பேரண்டம் பிறந்து 50 கோடி ஆண்டுகூட நிறையாத காலத்து அதன் தோற்றம். அதன் இன்றைய நிலை நம் காட்சிக்கு எட்டவே எட்டாது. அதற்காக, நமக்கு ஒளி அனுப்பியதோடு அத்திரள் இல்லாமற்போயிற்று என்று எந்த வானியலாளரும் எண்ணுவதில்லை. அதன் விண்மீன்கள் முதிர்ந்தன, வாயு குளிர்ந்தது, அண்டைத் திரள்களோடு அது இணைந்திருக்கலாம் என்றெல்லாம் தயக்கமின்றிச் சொல்கிறோம். காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்பவர் இக்கூற்றுகளையும் மறுத்தாக வேண்டும். மறுத்தால் வானியலில் எஞ்சுவது படத்தொகுப்பு மட்டுமே. காண்டலோடு கருதலையும் அளவையாக ஏற்காமல் அண்டவியல் ஓரடியும் நகராது. எனவே கேட்கவேண்டியது கருதலாமா என்பதன்று, எந்தக் கருதல் தகுதியுடையது என்பதே. மணிமேகலையின் 29-ஆம் காதை விளக்கும் அளவை நெறியில், புகையைக்கொண்டு மலையில் நெருப்பு உண்டென்று சொல்ல அடுக்களை எடுத்துக்காட்டாகிறது: புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை ஓரிடத்தில் கண்டிருக்க வேண்டும், அப்போதுதான் காணாத இடத்துக்கு அந்தத் தொடர்பை நீட்ட உரிமையுண்டு. அண்டவியலாளருக்கு அத்தகைய அடுக்களை உண்டா?

உண்டு. நுண்ணலைப் பின்னணி விடுபட்ட நாளில் நின்று பார்ப்போம். சூடான நிலை தொடங்கியதிலிருந்து அதுவரை ஒளி கடந்திருக்கக்கூடிய தொலைவு, அன்றைய அளவில் பத்து லட்சம் ஒளியாண்டுகூட இல்லை. இன்றைய வானில் அது ஓரிரு பாகைகளுக்குள் அடங்குகிறது. ஆகவே நாம் பார்க்கும் நுண்ணலை வானம், அன்று ஒன்றுக்கொன்று முற்றிலும் 'அப்பால்' ஆக இருந்த ஆயிரக்கணக்கான பகுதிகளின் தொகுப்பு. அவற்றுள் ஒன்றில் இருந்த ஒருவர், தம் தொடுவானத்துக்கு அப்பாலும் இதே பொருள் இதே வெப்பநிலையில் தொடர்கிறது என்று கருதியிருந்தால் அது சரியா தவறா? கோபி செயற்கைக்கோளின் முடிவுகள் 1992-இல் வெளியானபோது விடை கிடைத்தது: அப்பகுதிகளுக்கிடையே உள்ள வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவினது. 2003-இல் வந்த டபிள்யூமேப் செயற்கைக்கோளின் முடிவுகள் இதை இன்னும் வலுவாக்கின. ஒரு பாகைக்கு மேற்பட்ட கோணங்களில் வெப்பநிலைக்கும் ஒளியின் முனைவாக்கத்துக்கும் இடையே ஒழுங்கான எதிர்த்தொடர்பு காணப்பட்டது. இத்தொடர்பை இடைவழியில் எழுந்த விளைவாக விளக்குவது கடினம். அன்றைய தொடுவானத்தைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வுகள் அன்றே இருந்தன என்பதன் தடயம் அது. தொடுவானம் நகர நகர, அப்பாலிருந்து உள்ளே வந்தவை யாவும் ஏற்கெனவே உள்ளிருந்தவற்றை ஒத்தே இருந்தன. இவ்வளவு முறை சோதிக்கப்பட்ட தொடர்பை இன்றைய தொடுவானத்துக்கு அப்பால் சிறிது தொலைவு நீட்டுவது துணிச்சலாகாது.

நேற்றுவரை ஒத்திருந்தது நாளையும் ஒத்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி, இன்றைய தொடுவானத்தை ஒட்டியே வேறொரு உலகம் தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். தொகுத்தறிதல் அனைத்தையும் தொடரும் பழைய ஐயம் இது, இருந்தாலும் இங்கே அதற்குக் குறிப்பான இரு விடைகள் உள்ளன. மாற்றம் நம் தொடுவானத்தை ஒட்டியே நிகழ வேண்டுமானால், அந்த ஒழுங்கான கோளத்தின் நடுவில் நாம் அமர்ந்திருக்க வேண்டும். அதுவும் தொடுவானம் சரியாக அங்கே வந்து சேர்ந்த காலத்தில். இத்தகைய தனிச்சிறப்பை நமக்கு வழங்க எந்தச் சான்றும் இல்லை. இரண்டாம் விடை இன்னும் நேரடியானது. தொடுவானத்தைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு அப்பால் இருந்தால் அதன் சரிவு நம் பகுதிக்குள்ளும் தெரியும், நுண்ணலை வானின் நான்முனைக் கூறு, அதாவது வானம் முழுவதையும் தழுவும் மிகப் பரந்த வெப்பநிலை வேறுபாடு, பெரிதாகிவிடும் என்று கிரிஷ்சூக்கும் செல்டோவிச்சும் 1978-இல் காட்டினர். அளக்கப்பட்ட நான்முனைக் கூறோ சிறியது, எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவானதும்கூட. நம் எல்லைக்கு அப்பாலும் பல மடங்கு தொலைவுவரை பெரிய மேடுபள்ளம் இல்லை என்பதற்கு இப்பாலிலேயே கிடைத்த அளவீடு இது. காணாத இடம் காணும் இடத்தில் தடம் பதிக்கும் வாய்ப்பு உண்டு என்பதும், பதிக்காமை ஒரு செய்தி என்பதும் இங்கே தெளிவாகின்றன.

மறுதிசையிலிருந்தும் ஒரு தடை எழுகிறது: அப்பால் என்று ஒன்று இல்லாமலே போகலாமே. வெளி அளவில் முடிவுடையதாகவும் விளிம்பற்றதாகவும் இருந்து, ஒரு திசையில் சென்ற ஒளி மறுதிசையில் திரும்பி வருமானால், நாம் காணும் தொலைவுத் திரள்களுள் சில அருகிலுள்ளவற்றின் பழைய தோற்றங்களாக இருக்கலாம். வீண் கற்பனை என இதை ஒதுக்கலாகாது. பொதுச் சார்பியல் வெளியின் வளைவைக் கட்டுப்படுத்துகிறதே தவிர அதன் ஒட்டுமொத்த இணைப்பமைப்பைத் தீர்மானிப்பதில்லை. 2003-இல் லூமினேயும் அவருடைய குழுவினரும் பன்னிரண்டு முக வடிவ வெளி ஒன்றை முன்மொழிந்தனர். சோதனையும் கைவசம் இருந்தது: அத்தகைய வெளியில் நுண்ணலை வானின் இருவேறு திசைகளில் ஒரே அமைப்புடைய இணை வட்டங்கள் தெரிய வேண்டும். டபிள்யூமேப், பிளாங்க் ஆகிய செயற்கைக்கோள்களின் தரவுகளில் தேடியபோது அவை கிடைக்கவில்லை. சில சிக்கலான இணைப்பமைப்புகள் இன்னும் விலக்கப்படவில்லை என்று அண்மைக் கணக்குகள் காட்டுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் நம் தொடுவானத்தைவிடத் தெளிவாகச் சிறிய எளிய வெளி என்ற வாய்ப்பு அடைபட்டுவிட்டது.

அப்பால் எவ்வளவு என்பதற்கு வளைவு ஒரு கீழெல்லை தருகிறது. பிளாங்க் தரவை மட்டும் எடுத்துக்கொண்டால் மூடிய வெளியின் பக்கம் ஒரு சாய்வு தெரிகிறது. 2019-இல் சிலர் அதைப் பெரிதாகவே வாதிட்டனர். விண்மீன் திரள்களின் பரவல் அளவீடுகளையும் சேர்த்தால் அச்சாய்வு மறைந்து, வளைவின் பங்கு சுழியிலிருந்து ஆயிரத்தில் சில பங்குகளுக்கு மேல் விலகாமல் நிற்கிறது. தனித்தனி அளவீடுகள் ஒன்றையொன்று திருத்தும் இம்முறையே நம்பத்தக்கது என்பது என் முடிவு. ஆயிரத்தில் ஐந்து என்று தாராளமாகவே வைத்து, வெளி மூடிய கோளவகையினது என்றும் கொண்டால், வளைவாரம் சுமார் 20,000 கோடி ஒளியாண்டு ஆகிறது. முழுப் பேரண்டத்தின் கன அளவு காணத்தக்க பகுதியைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு ஆகிறது. வளைவு இன்னும் குறைவானால் இந்த எண் மேலே ஏறும். இக்கணக்கு அதே ஒழுங்கு அங்கும் தொடர்வதை எடுகோளாகக் கொண்டது என்பதால் முந்தைய படியைவிட ஒரு பிடி நெகிழ்ச்சியானதே. முடிவிலி என்ற சொல்லை மட்டும் இப்படியிலிருந்து எடுக்க முடியாது. எந்த அளவீட்டுக்கும் பிழைவரம்பு உண்டு. பிழைவரம்புள்ள அளவீடு எதுவும் முடிவிலியை நிறுவாது.

அடுத்த படியில்தான் நிலம் நெகிழத் தொடங்குகிறது. அன்றைய பகுதிகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றியே ஒத்த வெப்பநிலையில் இருந்தது எப்படி என்ற வினாவுக்கு, 1981-இல் ஆலன் கூத் பெருவீக்கக் கோட்பாட்டை விடையாக வைத்தார்: மிகத் தொடக்கத்தில் நெருங்கித் தொடர்பிலிருந்த ஒரு சிறு பகுதி மின்னல் வேகத்தில் விரிந்தது. ஏற்றத்தாழ்வுகள் பெரிய அளவுகளில் சற்றே கூடுதலாக இருக்கும் என்ற அதன் எதிர்பார்ப்பைப் பிளாங்க் அளவீடு உறுதிசெய்தது. ஆனால் பெருவீக்கம் ஓரிடத்தில் முடிந்தாலும் வேறிடங்களில் முடியாமல் தொடரும் என்று விலென்கினும் லிண்டேயும் 1980-களில் காட்டினர்; அதிலிருந்து குமிழி குமிழியாக அண்டங்கள், ஒவ்வொன்றிலும் வேறு மாறிலிகள் என்ற படம் பிறந்தது. இங்கே அடுக்களை இல்லை. மாறிலிகள் வேறுபட்ட ஒரு பகுதியையேனும் நாம் கண்டதில்லை. இப்படத்துக்கு ஆதரவாக வலுவாகச் சொல்லப்படுவது ஸ்டீவன் வைன்பெர்க் 1987-இல் செய்த கணிப்பு: விண்மீன் திரள்கள் உருவாக வேண்டுமானால் அண்டவியல் மாறிலி ஒரு வரம்புக்குள்தான் இருக்க முடியும், அது சுழியாக இருக்க வேண்டியதில்லை. 1998-இல் கண்டறிந்த முடுக்கத்திலிருந்து பெறப்பட்ட மாறிலியின் மதிப்பு அவ்வரம்புக்குள் அமைந்தது. இதை நான் மதிக்கிறேன். எனினும் பல அண்டங்கள் உண்டு என்பதற்கு ஒத்துப்போகும் முடிவாகவே இதைக் கொள்ள முடியும், நிறுவலாகக் கொள்ள முடியாது. எண்ணற்ற அண்டங்களில் எது எவ்வளவு நிகழத்தக்கது என்று எண்ண ஒப்புக்கொண்ட முறை இல்லாதவரை, கோட்பாடு தவறாகும் வாய்ப்பும் மங்கலாகவே இருக்கும். 2014-இல் ஜார்ஜ் எல்லிசும் ஜோசப் சில்க்கும் சோதனையை விட்டு விலகும் இப்போக்கைக் கடுமையாகக் கண்டித்தது இதனால்தான். அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் அதைத் தொடுவானத்துக்கு அப்பாலுள்ள அனைத்துக்கும் நீட்டினால் முதற்படியின் உறுதியையும் சேர்த்து இழக்கிறோம்.

இப்படியிலும் சோதனை முற்றாக இல்லாமல் இல்லை. நம் குமிழியோடு அண்டைக் குமிழி மோதியிருந்தால் நுண்ணலை வானில் வட்டத் தடம் இருக்கக்கூடும். 2011-இல் ஒரு குழு டபிள்யூமேப் தரவில் அதைத் தேடியது, உறுதியான தடம் கிடைக்கவில்லை. திரள்கூட்டங்கள் அனைத்தும் ஒரு திசையில் ஈர்க்கப்படுவதாகவும், அது அப்பாலுள்ள ஏதோவொன்றின் இழுப்பாகலாம் என்றும் 2008-இல் எழுந்த கூற்றைப் பிளாங்க் தரவு ஆதரிக்கவில்லை. எஞ்சியுள்ள சோதனைகளில் கூர்மையானது வளைவே. குவாண்டம் சுரங்கவிளைவால், அதாவது ஆற்றல் தடையை ஊடுருவிக் கடந்து, பிறந்த குமிழியின் உட்புறம் திறந்த வெளியாகவே இருக்கும் என்பது அக்கோட்பாட்டின் தெளிவான விளைவு. எனவே வருங்கால அளவீடு மூடிய வளைவை, பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அளவில், ஐயமற நிறுவினால் நம் அண்டம் அப்படிப் பிறந்த குமிழி என்ற கருத்து விழும். திறந்த வளைவாக அமைந்தால் அதற்கு ஓரளவு வலுச் சேரும். அந்த அளவுக்கும் கீழே வளைவு இருந்தால் நிலைமை வேறு. ஏற்றத்தாழ்வுகளே லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பதால், ஒட்டுமொத்த வளைவையும் நம் பகுதியின் தற்செயலான மேட்டையோ பள்ளத்தையோ ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாமற்போகும். கருவியை எவ்வளவு நுட்பமாக்கினாலும் இது தீராது. பார்க்கக் கிடைக்கும் வானம் ஒன்றே, அதன் பகுதிகள் எண்ணத்தக்கவையே. ஒளியின் வேகம் வகுத்த 4650 கோடி ஒளியாண்டைவிட இந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அண்டவியல் இன்னும் தொடாத எல்லை. இன்றைய பிழைவரம்புக்கும் அதற்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது.