பத்து, ஒன்பது, எட்டு

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்யும் மென்பொருளை மாற்றப் போகிறார்கள். எந்தெந்தக் கட்டங்களைக் கட்டாயமாக்குவது என்று இரண்டு மணி நேரம் பேசினோம். கணக்கு எண் இல்லாமல் புகாரைச் சேமிக்கவே விடக்கூடாது என்றார் ஒருவர். கைபேசி எண்ணும் வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். வெளியே வந்து டீ குடிக்கும்போது வேறொரு படிவம் நினைவுக்கு வந்தது. பெயரே சொல்லாதவர், ஏன் வாயே திறக்காதவர் அழைத்தாலும் அதையும் ஒரு வகையாகக் கணக்கில் எழுதிக்கொண்ட படிவம் அது. அதன் கதையை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. எனக்கு அதில் ஒரு பழைய கடனும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1098 என்ற எண்ணை உங்களில் பலர் ரயில் நிலையத்திலோ, பள்ளிப் பாடநூலின் அட்டையிலோ பார்த்திருப்பீர்கள். துன்பத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி. பெயர் சைல்ட்லைன். 1996 ஜூனில் மும்பையில் தொடங்கியது. டாடா சமூக அறிவியல் கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பிலிமோரியா தொடங்கி வைத்த சோதனை முயற்சி அது. இரவுத் தங்குமிடங்களிலும் ரயில் நிலையங்களிலும் தெருக் குழந்தைகளோடு பழகி வந்தவர், ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையே கொடுத்து வைத்திருந்தார். பிள்ளைகளும் நேரம் காலம் பார்க்காமல் அழைத்தார்கள். ஒருவர் வீட்டுத் தொலைபேசியால் ஒரு நகரத்தைத் தாங்க முடியாது அல்லவா? அங்கேதான் பொதுவான எண் ஒன்று வேண்டும் என்ற யோசனை வலுப்பட்டது.

இதற்குப் பத்தாண்டு முன்பே, 1986 அக்டோபரில், பிரிட்டனில் எஸ்தர் ரான்ட்சன் முயற்சியில் அதே பெயரில் ஒரு சேவை வந்துவிட்டது. ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே முக்கியமான வேலை தொலைபேசியில் கேட்பதும் ஆறுதல் சொல்வதும். இங்கே தாதர் பிளாட்பாரத்தில் காலில் புண்ணோடு படுத்திருக்கும் பையனுக்கு ஆறுதல் மட்டும் போதாது, ஆள் போக வேண்டும். அழைப்பு வந்து 60 நிமிடத்துக்குள் குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொண்டார்கள். தொழில்நுட்பம், ஆவணம் எல்லாமே இந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் அமைந்தன.

முதலில் எண். நான்கே இலக்கம், கட்டணம் கிடையாது. 10, 9, 8 என்று இறங்கு வரிசையில் வருவதால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மனதில் நிற்கும். மும்பைப் பிள்ளைகள் அதை 'தஸ், நவ், ஆட்' என்று ஒரு விளையாட்டு மாதிரிச் சொன்னார்கள். 'ஒன்று பூஜ்யம் ஒன்பது எட்டு' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தின் பொதுத் தொலைபேசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சள் பலகை மாட்டிய பி.சி.ஓ. கடையில் மீட்டர் ஓடும், அல்லது சிவப்புப் பெட்டியில் ஒரு ரூபாய் நாணயம் போட வேண்டும். கட்டணமில்லாத எண்ணுக்குக் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்? அழுக்குச் சட்டைப் பையன் வந்து சும்மா பேசிக்கொண்டிருந்தால் காசு கொடுக்கும் ஆள் காத்திருப்பார். ஆகவே எண் வாங்கியதோடு வேலை முடியவில்லை. கடைக்காரர், ரயில்வே ஊழியர், போலீஸ்காரர், மருத்துவமனை ஆள் என்று ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசிப் பழக வேண்டியிருந்தது. கையில் நட்புக் கயிறு கட்டி 'சைல்ட்லைன் சே தோஸ்தி' என்று இயக்கமே நடத்தினார்கள்.

அடுத்தது ஆட்கள். தொலைபேசியை எடுத்தவர்களிலும் ஓடிப்போய்ப் பார்த்தவர்களிலும் தெருவிலேயே வளர்ந்த இளைஞர்கள் இருந்தார்கள். எந்தப் பாலத்தடியில் யார் தூங்குவார்கள் என்று பட்டப்படிப்பு படித்தவருக்குத் தெரியாது, இவர்களுக்குத் தெரியும். ஆனால் பலருக்கு எழுத்து சரளமாக வராது. இங்கேதான் எங்களைப் போன்ற கணக்குப்பிள்ளைகளுக்குச் சுவாரசியமான இடம் வருகிறது.

1998-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் இந்தத் திட்டத்தை மற்ற நகரங்களுக்கும் கொண்டுபோக முடிவு செய்தது. 1999-ல் சைல்ட்லைன் இந்தியா ஃபவுண்டேஷன் உருவானது. ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த தொண்டு நிறுவனங்கள்தான் 1098-ஐ நடத்தும், மத்திய அமைப்பு பயிற்சி, தரம், ஆவணம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. கேட்க எளிது. வங்கியில் கிளைகளின் மாதாந்திர அறிக்கையைத் தொகுத்தவர்களுக்குத் தெரியும் இதன் வலி. ஒரு கிளை 'இதர' என்று எழுதுவதை இன்னொரு கிளை மூன்று தலைப்பில் எழுதும். கூட்டினால் ஏதோ ஒரு எண் வரும், அதற்கு அர்த்தம் இருக்காது.

ஆகவே வகைகளைப் பொதுவாக்கினார்கள். மருத்துவ உதவி, தங்குமிடம், வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தல், கொடுமையிலிருந்து பாதுகாப்பு, காணாமல் போன குழந்தை, மனத்துணை, தகவல் என்று. இதைப் பதிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் உதவியோடு சைல்ட்நெட் என்ற மென்பொருள் வந்தது. எழுத்தை நம்பாமல் படக்குறிகளை வைத்துச் செய்த திரை. அதிகம் படிக்காத தெரு இளைஞரும் படத்தைப் பார்த்துத் தட்டி அழைப்பைப் பதியலாம். எங்கள் கிளையில் கணினி வந்தபோது ஆங்கிலத் திரையைப் பார்த்து விழித்த கடைநிலை ஊழியருக்காக யாரும் ஒரு படம் வரையவில்லை. ஆளுக்குத் தக்க கருவி என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

இந்தக் கணக்கில் என்னை நிறுத்தியது 'மௌன அழைப்பு' என்ற வகை. எடுத்தால் எதிர்முனையில் பேச்சில்லை, மூச்சு மட்டும், அல்லது பின்னால் வண்டிச் சத்தம். நாமாக இருந்தால் 'தொடர்பு துண்டிப்பு' என்று தள்ளிவிடுவோம். அவர்கள் தள்ளவில்லை. வந்த அழைப்புகளில் கணிசமான பங்கு இப்படிப்பட்டவைதான். அழைப்பது நிஜமாகவே இலவசமா, யார் எடுக்கிறார்கள், திட்டுவார்களா என்று ஒரு பிள்ளை நோட்டம் பார்க்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று பேசாதது நாளை பேசலாம். அதனால் மௌனத்துக்கும் அன்பாகப் பதில் சொல்லப் பழகினார்கள்.

வங்கியில் நாம் முதலில் ஆளை அடையாளம் கண்டு பிறகு சேவை தருகிறோம். அங்கே முறை தலைகீழ். முதலில் குழந்தை எங்கே இருக்கிறது, இப்போது ஆபத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் நம்பிக்கை வந்த பிறகு. அப்படிக் கிடைத்த பெயரையும் பூட்டி வைக்க வேண்டும். சிறார் நீதிச் சட்டம் (2000-லும் சரி, அதற்குப் பின் வந்த 2015 சட்டத்திலும் சரி) குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. 2015 சட்டத்தில் சைல்ட்லைன் சேவைக்கு வரையறையே உண்டு.

பிறகு கைபேசி வந்து எல்லாவற்றையும் குழப்பியது. தரைவழித் தொலைபேசியில் அழைத்தால் அந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் அந்த ஊர் மையத்துக்கே அனுப்பிவிடும். கைபேசிக்கு ஊர் கிடையாது, வட்டம்தான் உண்டு. தமிழ்நாடு வட்டத்தில் எங்கிருந்தோ ஒரு பிள்ளை அழைத்தால் மதுரைக்கு அனுப்புவதா, சேலத்துக்கு அனுப்புவதா? 2010-களில் சென்னை, மும்பை, கொல்கத்தா, குர்கான் என்று பெரிய அழைப்பு மையங்கள் அமைத்து, அங்கே கேட்டறிந்து உள்ளூர்க் குழுவுக்கு அனுப்பும் முறைக்கு மாறினார்கள். இதற்குள் ஜெரூ பிலிமோரியா 2003-ல் சைல்ட் ஹெல்ப்லைன் இன்டர்நேஷனல் என்ற உலக அமைப்பையும் தொடங்கியிருந்தார்.

2023-ல் இன்னொரு பெரிய மாற்றம். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் 1098 மாநில அரசுகளின் கைக்குப் போனது. 112 அவசர எண்ணோடு இணைப்பு, மாநிலத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை, மாவட்டத்துக்கு ஒரு குழு. தொழில்நுட்பம் சி-டாக் நிறுவனத்துடையது. ஒரே வலையில் எல்லாம் வந்தால் வேகம் கூடும், எந்தப் பதிவும் தொலையாது என்பது ஒரு பக்கம். போலீஸ் என்றாலே ஓடும் பிள்ளை இனி அழைக்குமா, 27 வருடம் தெருவில் சம்பாதித்த பழக்கம் என்ன ஆகும் என்று தொண்டு நிறுவனங்கள் கவலைப்பட்டது மறுபக்கம். கிளைக் கணினியிலிருந்து கோர் பேங்கிங்குக்கு மாறிய நாட்களில் இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். கணக்கு சுத்தமானது. அதே சமயம், ஆளின் முகத்தைப் பார்த்தே 'என்ன பாட்டி, பென்ஷன் வரலையா?' என்று கேட்கும் கேஷியருக்கு அதில் கட்டம் இல்லாமல் போனது.

சரி, என் கடன்.

2008. நவி மும்பையில் வாடகை வீடு, திருமணமாகி ஆறு மாதம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு முறுக்குக் கம்பெனி. முதலாளி நம்மூர்க்காரர். பொங்கல் விழாவுக்குத் தாராளமாக நன்கொடை தருவார், தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பலகாரமே அவரிடம்தான். ஒரு நாள் காலையில் குப்பை கொட்ட வந்த பையன் நான் கைபேசியில் பேசுவதைக் கேட்டுவிட்டு நின்றான்.

"நீங்க தமிழாண்ணே?"

பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்பு. எந்த ஊர் என்றேன். "உசிலம்பட்டிப் பக்கம்ணே" என்றான். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வர, ஓடிவிட்டான்.

வீட்டில் முன்பணம் கொடுத்துவிட்டு மதுரை, தேனிப் பக்கத்துப் பிள்ளைகளை வடக்கே முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப் போவது எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. தெரிந்தும் நான் இரண்டு வாரம் சும்மா இருந்தேன். நம்மூர்க்காரர், முகத்தில் முழிக்க வேண்டும், நாளைக்கு யார் சொன்னது என்று தெரிந்தால்... இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். என் மனைவிதான் ஒரு ராத்திரி கேட்டாள், "உங்க தம்பியா இருந்தா இவ்வளவு நாள் யோசிப்பீங்களா?"

வீட்டு எம்.டி.என்.எல். தொலைபேசியிலிருந்து 1098 அழைத்தேன். என் அரைகுறை இந்தியைப் பொறுமையாகக் கேட்டார் ஓர் இளைஞர். என் பெயரைக் கேட்பதற்கு முன் இடத்தைக் கேட்டார். பையன் என்ன மொழி பேசுவான் என்று கேட்டார். மறுநாளே ஆட்கள் வந்தார்கள். இரண்டு சிறுவர்களை அழைத்துப் போனார்கள். என்னிடம் பேசியவன் அவர்களில் இல்லை. நாலு நாள் முன்னால்தான் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். இதைச் சொல்ல அந்த இளைஞரே திரும்ப அழைத்தார். பையனின் பெயர் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. ஊர் கேட்ட நான் பெயர் கேட்கவில்லை.

அவர்களுடைய வகைப்பட்டியலில் தேடிப்போயும் கிடைக்காத குழந்தை என்றும் ஒரு தலைப்பு உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவன் அதில் ஓர் எண்ணாக ஏறியிருப்பான். இன்று முப்பது வயது இருக்கும்.

அடுத்த வாரக் கூட்டத்தில் கணக்கு எண் கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். கேட்பார்களா தெரியாது. சொல்லிவிட வேண்டும்.

பி.கு: அந்த எண் இன்றும் அதேதான். பத்து, ஒன்பது, எட்டு. குழந்தைதான் அழைக்க வேண்டும் என்றில்லை, பார்க்கிற யாரும் அழைக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பலகாரம் வாங்கும் இடத்தில் உள்ளேயும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.