“சி டிரைவைக் காணோமே, தாத்தா?”

2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், ஓசூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒன்று கிடைத்தது. உள்ளே விண்டோஸ் ஒன்று, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒன்று. பாஸைத் திறந்தவன், “சி டிரைவைக் காணோமே, தாத்தா?” என்றான்.

1981இல் வந்த டாஸ், ஒரு மேசைக்கு ஓர் ஆள் என்ற கணக்கு. ஏ, பி இரண்டும் பிளாப்பிக்குப் போக, ஹார்டு டிஸ்க்குக்கு சி. பிளாப்பி போயே போய்விட்டது. விண்டோஸ் அந்த எழுத்தை விடவில்லை.

லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கியது. ஒரே கணினியில் பலர் வேலை செய்ய வேண்டும். அதனால் ஒரே வேர், மற்றதெல்லாம் கிளை. பென் டிரைவும் கிளைதான். யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று ஒவ்வொரு கோப்பிலும் குறித்திருக்கும். ஆபீஸ் பீரோ சாவியை வைத்திருந்தவனுக்கு இது பிடிக்காமலா போகும்!

அடுத்த வாரமே பையன் கடையில் கொடுத்து பாஸை அழித்துவிட்டான். “சிப்காட்டில் வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே கேட்பாங்க?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை.