பெருங்குடலை வேலை வாங்கிய மாவுச்சத்து

எங்க சங்கரன்கோவில் தறிக்காரங்க ஊர். இங்க கஞ்சிக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, பாவுக்கு விறைப்பு கொடுக்கிறது. இன்னொண்ணு, வயித்தால போறவங்களுக்கு உப்பு போட்டுக் குடிக்கக் கொடுக்கிறது. ரெண்டுலயும் உழைக்கிறது மாவுச்சத்துதான், அதாவது ஸ்டார்ச். குளுக்கோஸ் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. வேதியியல்ல இந்த வகைக்குப் பாலிசாக்கரைடுனு பேர். இன்னைக்கு எபிசோட் அந்த ரெண்டாவது வேலையோட வரலாறு. அதுல ஒரு முக்கியமான அத்தியாயம் வேலூர்ல நடந்தது.

முதல்ல காலரா. அந்தக் கிருமியோட நஞ்சு சிறுகுடல்ல உப்பையும் தண்ணியையும் லிட்டர் கணக்கில் வெளியே கொட்ட வைக்கும். ஆனா குளுக்கோஸோட சோடியத்தைச் சேர்த்து உள்ளே இழுக்கிற வழியை மட்டும் அது தொடுறதில்லை. ஓஆர்எஸ் பாக்கெட்டோட மொத்த ரகசியமும் இதுதான். 1968ல டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் இதை நோயாளிகள்கிட்ட நிரூபிச்சாங்க. 1971ல வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ்ல, டாக்டர் திலீப் மகலனாபிஸ் சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலைமையில் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை வாய்வழியாவே கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

இவ்வளவு பெரிய மருந்துக்கும் ஒரு குறை இருந்தது. உயிரைக் காப்பாத்தும், ஆனா வயித்துப்போக்கை நிறுத்தாது. போற தண்ணிக்கு ஈடு கட்டும், அவ்வளவுதான். பிள்ளைக்கு ஓஆர்எஸ் கொடுத்தும் நிக்காமப் போறதைப் பார்க்கிற அம்மா, "இந்த மருந்து கேக்கலை"ன்னு டம்ளரைக் கீழே வைச்சிடுவாங்க. ஆபத்து அங்கதான் தொடங்குது.

1980களில் டாக்கா ஆய்வாளர்கள் குளுக்கோஸை எடுத்துட்டு அரிசி மாவைப் போட்டுப் பார்த்தாங்க. மாவு சிறுகுடல்ல மெல்ல உடைஞ்சு குளுக்கோஸா மாறும். காலரா நோயாளிகளுக்குப் போக்கு குறைஞ்சது. நம்ம பாட்டிகளோட உப்புக்கஞ்சி கிட்டத்தட்ட இதே வழிதான்.

வேலூர் சிஎம்சியில் பி.எஸ். ராமகிருஷ்ணா யோசிச்சது வேற பக்கம். எல்லாரும் சிறுகுடலைப் பார்த்துக்கிட்டிருந்தப்ப அவர் பெருங்குடலைப் பார்த்தார். அது ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் தண்ணியை உறிஞ்சக்கூடிய உறுப்பு. அங்க குடியிருக்கிற பாக்டீரியாக்கள், நாம செரிக்க முடியாத மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் புளிக்க வைச்சு அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட்னு சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்தும். அந்த அமிலம் குடல் சுவருக்குள்ள போறப்ப சோடியமும் கூடவே போகும், பின்னாடியே தண்ணியும் போகும். காலரா நஞ்சு இந்த வழியையும் அடைக்கிறதில்லை. கடுமையான வயித்துப்போக்கில் இந்த அமிலங்கள் குறைஞ்சு போறதையும், திரும்பக் கொடுத்தா பெருங்குடல் உறிஞ்சுறது மேம்படுறதையும் அவரும் வி.ஐ. மாத்தனும் 1993ல வெளியிட்டாங்க. என் வேலை பாஷையில் சொன்னா, மெயின் சர்வர் படுத்துருச்சு, பேக்கப் சர்வர் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்குக் கரண்ட் போகலை.

அப்போ பாக்டீரியாவுக்குத் தீனி போடணும். சிறுகுடல்ல செரிக்காமத் தப்பிச்சுப் போற மாவுச்சத்து வேணும். அமைலோஸ் அதிகமுள்ள ஒரு மக்காச்சோள ரகத்தோட மாவை எடுத்தாங்க. யேல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் கூட்டுச் சேர்ந்தாங்க. மொத்தம் 48 காலரா நோயாளிகள், மூணு குழு. ஒரு குழுவுக்கு வழக்கமான ஓஆர்எஸ். அடுத்த குழுவுக்கு அதோட லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூணாவதுக்கு அதே 50 கிராம் இந்தச் சோள மாவு. முடிவு 2000ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. வயித்துப்போக்கு நீடிச்சது முதல் குழுவுக்குச் சராசரியா 91 மணி நேரம், அரிசி மாவுக்கு 71, சோள மாவுக்கு 57. நாலு நாள்ல நின்னது ரெண்டரை நாள்ல நின்னுருக்கு.

இதை வைச்சு "பழைய சோறோட மகிமையை வெள்ளைக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சான்"னு ஒரு பார்வேர்டு வரும் பாருங்க, அதோட நான் ஒத்துப்போக மாட்டேன். சோறு ஆறினா கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையா மாறுறது உண்மைதான். ஆனா வேலூர்ல கொடுத்தது வேகவைக்காத, தனி ரக மாவு. ரெண்டும் ஒண்ணில்லை. கண்டுபிடிச்சதும் வெள்ளைக்காரன் மட்டும் இல்லை.

சரி, அந்த மாவு ஏன் இன்னும் நம்ம மெடிக்கல் ஷாப் பாக்கெட்ல இல்லை? 2002ல உலக சுகாதார அமைப்பு பாக்கெட்டை மாத்தினப்ப உப்பையும் குளுக்கோஸையும் குறைச்சது. புது மாவு எதுவும் சேர்க்கலை. அந்தப் புதுக் கலவையிலும் வேலூர் குழு குளுக்கோஸுக்குப் பதிலா மாவைப் போட்டுச் சோதிச்சு 2008ல வெளியிட்டது, அப்பவும் போக்கு சீக்கிரம் நின்னது. என் கணக்கில் சிக்கல் எடையில் இருக்கு. ஒரு லிட்டருக்கான பாக்கெட் இப்ப 20.5 கிராம். இந்த மாவைச் சேர்த்தா 70.5. பச்சைத் தண்ணியில் கரையவும் கரையாது, அடியில் தங்கும், ஒவ்வொரு தடவையும் கலக்கிக் கொடுக்கணும். கடையில் கிடைக்கிற சாதா கார்ன்ஃபிளார் அந்த ரகமும் இல்லை. அதனால வீட்ல யாருக்காவது போச்சுன்னா, போறது நிக்கலையேன்னு பயப்படாம, அந்த 20.5 கிராம் பாக்கெட்டையே கரைச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க.