மணிக்கட்டுக் காயங்கள்

முன்கையின் இரண்டு எலும்புகளும் உள்ளங்கையோடு சேரும் மூட்டில் எலும்பு முறிவது, எலும்புகளை இணைக்கும் பிணையம் கிழிவது, தசைநாண் வீங்குவது எல்லாம் மணிக்கட்டுக் காயம் என்பதில் அடங்கும். இரண்டு வரிசையாக எட்டுச் சிறு எலும்புகள் அடுக்கப்பட்டிருக்கும் இடம் இது. கால் இடறினால் எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறோம். உடம்பின் எடை முழுதும் அங்கே இறங்குகிறது. ஆனால் கால் முறிந்தவரை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள், மணிக்கட்டு வீங்கினால் சுளுக்கு என்று சொல்லித் தைலம் தேய்த்துவிடுகிறார்கள். காயம் முற்றுவதற்கு இந்த அலட்சியமும் ஒரு காரணம்.

இந்த அலட்சியத்தில் அதிகம் சிக்குவது பெருவிரல் பக்கமுள்ள படகெலும்பு. எட்டில் அடிக்கடி முறிவதும் இதுதான். இதற்குப் பெரும்பகுதி இரத்தம் விரல் பக்கமாக நுழைந்து, முன்கைப் பக்கம் திரும்பிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு இரத்தம் நின்று, எலும்பு கூடாமலே போகலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் தப்புவதும் உண்டு. எனவே மருத்துவர் பெருவிரலை விறைத்து நீட்டச் சொல்லி, அதன் அடியில் விழும் குழியை அழுத்திப் பார்ப்பார். வலித்தால், படத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுப்பது வழக்கம். எம்.ஆர்.ஐ. வசதி இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

எலும்பு தேய்ந்த முதியவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், குளியலறையில் வழுக்கி விழுந்தால் மணிக்கட்டில் பெரும்பாலும் முறிவது முன்கையின் ஆரை எலும்பின் கீழ்முனை. டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இம்முறிவை 1814இல் விவரித்தார். அதுவும் படம் பார்க்காமலே; எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான்.

விளையாட்டில் மணிக்கட்டுக் காயம் பலரைப் பலிவாங்கிய களம் டென்னிஸ். அர்ஜென்டினாவின் ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோ 2009 அமெரிக்க ஓப்பன் இறுதியில் ரோஜர் ஃபெடரரை ஐந்து செட்டில் வென்றபோது வயது 20. அடுத்த ஆண்டே வலது மணிக்கட்டில் அறுவை. 2014, 2015 ஆண்டுகளில் இடது மணிக்கட்டில் மூன்று முறை கத்தி வைத்தார்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு இடது மணிக்கட்டு எதற்கு என்று தோன்றலாம். இரு கையாலும் அடிக்கும் பேக்ஹேண்டில் மட்டையைத் தள்ளும் வேலையில் பெரும்பங்கு இடக்கைக்குத்தான். 2016இல் தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கித் திரும்பி வந்தவர், அந்த அடியைக் கூடியவரை தவிர்த்து, ஒற்றைக் கையால் பந்தை அறுத்து அறுத்து ஆடினார். அப்படியே ரியோ ஒலிம்பிக்கில் ஜோகோவிச்சையும் நடாலையும் வீழ்த்தி வெள்ளி வென்றார். காயத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டவர்களில் அவருக்கு இணை சொல்வது கடினம். 2020 அமெரிக்க ஓப்பன் வென்ற டொமினிக் தீமுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. 2021 ஜூனில் மயோர்காவில் வலது மணிக்கட்டு காயப்பட்ட பிறகு பழைய வேகம் திரும்பாமல், 2024இல் 31 வயதில் ஓய்வு பெற்றார்.

கிரிக்கெட்டில் காயம் பந்து வடிவில் வருகிறது. 2018 ஆசியக் கோப்பையில், துபாயில், இலங்கையின் சுரங்க லக்மால் வீசிய பந்து வங்கதேசத்தின் தமீம் இக்பாலின் இடது மணிக்கட்டை முறித்தது. மருத்துவமனை போய் வந்தவர், ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் இடக்கையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு இறங்கி, ஒற்றைக் கையால் ஒரே ஒரு பந்தைத் தடுத்தார். மறுமுனையில் நின்ற முஷ்ஃபிகுர் ரஹீம் அதன்பின் 32 ரன் சேர்த்தார். தொடரின் மீதி ஆட்டங்களில் தமீம் இல்லை. வீரம் என்று கொண்டாடப்பட்ட காட்சிதான். மருத்துவர் எவரும் பரிந்துரைக்க மாட்டார்.

பொதுவாழ்வில் இருப்பவர்களையும் இது விடவில்லை. 1994 ஜனவரியில் சாண்ட்ரிங்காமில் குதிரையிலிருந்து விழுந்த இரண்டாம் எலிசபெத் அரசிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. 2009 ஜூலையில், இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ஓய்விலிருந்த 82 வயதுப் போப் பதினாறாம் பெனடிக்ட் இரவில் அறையில் விழுந்தார். காலையில் திருப்பலி நிறைவேற்றி, சிற்றுண்டியும் முடித்த பிறகே மருத்துவமனைக்குச் சென்றார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கையாலேயே எழுதிப் பழகியவர் என்பதால் அந்த விடுமுறையில் நினைத்த எழுத்துவேலை நின்றது. ஆகஸ்ட் 21இல்தான் கட்டுப் பிரித்தார்கள்.

சாதாரண மனிதருக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு என்றால் பைக்கின் ஆக்சிலேட்டரை முறுக்க முடியாது, சோறு பிசைய முடியாது, வங்கியில் கையெழுத்தும் பொருந்தாது. கட்டு இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்டச் சொல்வது விறைப்பைக் குறைக்கத்தான். பிரித்த பிறகும் வாரக்கணக்கில் பிசியோதெரபி தேவைப்படலாம்.