உடைபடாத மாத்திரை

அபினின் வழிவந்த வலிநிவாரணிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவர்களிலும் நோயாளிகளிலுமே கவனம் செலுத்துகிறார்கள். நிறுவனங்கள் தமக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களை வாசிப்பவர்கள் மிகக் குறைவு. எனினும், 'துஷ்பிரயோகத்தைத் தடுக்கும் மாத்திரை' என்ற கருத்து யார் கையில் எதற்குப் பயன்பட்டது என்பதை அறிய வேண்டுமெனில், நாம் புரட்ட வேண்டியவை அந்தத் தாள்களே. அமெரிக்காவின் எண்டோ, இம்பாக்ஸ் ஆகிய இரு மருந்து நிறுவனங்களின் கொடுக்கல் வாங்கல் இதற்குத் தக்க சான்று.

கருத்து பழையது. 1983ஆம் ஆண்டிலேயே பென்டசோசின் என்னும் வலிமருந்துடன் நலாக்சோனைச் சேர்த்த மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விழுங்கினால் நலாக்சோன் ஏறக்குறையச் செயலற்றுப் போகும். கரைத்து ஊசியில் ஏற்றினால் போதையை முறித்துவிடும். 1996இல் பர்டியூ நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தபோது சிக்கல் வேறு உருவெடுத்தது. 12 மணி நேரத்துக்கு மெல்ல மெல்லக் கசிய வேண்டிய மருந்து, மாத்திரையைப் பொடித்தால் ஒரே கணத்தில் வெளிப்பட்டது. 2010இல் அந்நிறுவனம், பாலிஎத்திலீன் ஆக்சைடு கலந்து இறுக்கிய புதிய மாத்திரையைக் கொண்டுவந்தது. அது எளிதில் பொடியாகாது. நீரில் இட்டால் கூழாகும். 2013 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பழைய ஆக்ஸிகான்டின் பாதுகாப்புக் காரணங்களுக்காகவே விலக்கப்பட்டதென்று தீர்மானித்தது. அதன்படி, பழைய வடிவத்தின் ஜெனரிக் நகல் எதற்கும் இனி அனுமதி கிடையாது. நோயாளியின் பாதுகாப்புக்கென்று சொல்லப்பட்ட மாற்றம், போட்டியாளருக்கு எதிரான மதிலாகவும் நின்றது.

அந்த மதிலின் பயனை எண்டோவும் நாடியது. 2006இல் அனுமதி பெற்ற அதன் ஓபானா இ.ஆர்., ஆக்ஸிமார்போன் என்னும் மருந்தை மெல்ல வெளிவிடும் மாத்திரை. மூலப்பொருள் 1914இல் ஜெர்மனியில் உருவானது. ஆகவே காப்புரிமை மாத்திரையின் அமைப்புக்கே உரியது. இம்பாக்ஸ் அதன் ஜெனரிக் வடிவத்துக்கு விண்ணப்பித்தது. 2008இல் எண்டோ வழக்குத் தொடுத்தது. 2010 ஜூனில், விசாரணை தொடங்கிய சில நாட்களிலேயே இருவரும் சமரசம் செய்துகொண்டனர்.

சமரசத்தின் விவரங்கள் சுவையானவை. இம்பாக்ஸ் 2013 ஜனவரி வரை தன் மருந்தை விற்காது. அதற்குப்பின், முதல் ஜெனரிக்குக்குச் சட்டம் தரும் 180 நாள் தனியுரிமைக் காலத்தில், எண்டோ தன் சொந்த ஜெனரிக்கை இறக்காது. பார்க்கின்சன் நோய்க்கான வேறொரு மருந்தை உருவாக்கும் கூட்டு முயற்சிக்கென எண்டோ ஒரு கோடி டாலரை உடனே தரும். இவற்றோடு ஒரு விசித்திரமான நிபந்தனையும் இருந்தது. இம்பாக்ஸ் நுழைவதற்குமுன் ஓபானா இ.ஆர். விற்பனை அதன் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே சரிந்தால், எண்டோ இம்பாக்ஸுக்குப் பணம் தர வேண்டும்.

நன்றாக விற்றுக்கொண்டிருந்த மருந்தின் சரிவை எதற்காக முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும்? எண்டோ சந்தையைப் புதிய வடிவத்துக்கு நகர்த்திவிடும், தான் வரும்போது நகலெடுக்க எதுவும் மிஞ்சாது என்று இம்பாக்ஸ் அஞ்சியதே காரணம். அச்சம் வீணாகவில்லை. அடுத்த மாதமே எண்டோ உடைபடாத ஓபானாவுக்கு விண்ணப்பித்தது. 2011 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 2012இல் பழைய மாத்திரையின் விநியோகம் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில், பழையது பாதுகாப்பற்றது, அதன் நகல்களைத் தடுக்க வேண்டும் என்று எண்டோ அரசிடம் மனுச் செய்தது. 2013இல் இம்பாக்ஸுக்கு 10 கோடி டாலருக்கும் மேலான தொகையையும் செலுத்தியது.

மனு 2013 மே மாதம் நிராகரிக்கப்பட்டது. புதிய மாத்திரையையும் வெட்டலாம், அரைக்கலாம், ஊசிக்கும் ஆயத்தம் செய்யலாம் என்றது மருந்து நிர்வாகம். இதன் கொடிய உரை இந்தியானா மாநிலத்தின் ஆஸ்டின் என்ற சிற்றூரில் எழுதப்பட்டது. அங்கே ஆக்ஸிமார்போனைக் கரைத்து, ஒரே ஊசியைப் பகிர்ந்து செலுத்திக்கொண்டோரிடையே எச்.ஐ.வி. பரவியது. 2014 நவம்பர் தொடங்கி ஓராண்டில் 181 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. ஊரின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 4,200தான். மூக்கால் உறிஞ்சத் தடையாக இருந்த கடினம் பலரை ஊசியின் பக்கம் திருப்பியிருந்தது. 2017 ஜூனில் நிர்வாகம் மாத்திரையை விலக்கிக்கொள்ளுமாறு எண்டோவைக் கேட்டது. துஷ்பிரயோகத்தின் விளைவுகளுக்காக ஓர் அபின்வகை வலிமருந்தை விலக்கக் கேட்டது அதுவே முதல்முறை.

மிஞ்சியது இம்பாக்ஸ் விற்ற பழைய, நொறுங்கும் வடிவம். எண்டோ பின்னர் பெற்ற காப்புரிமைகள் மற்ற ஜெனரிக் நிறுவனங்களைத் தடுத்துவிட்டன. 2010 ஒப்பந்தம் தந்த உரிமத்தால் இம்பாக்ஸ் மட்டும் தப்பியது. 2017 ஆகஸ்டில் இருவரும் மீண்டும் ஒப்பந்தம் எழுதினர். எண்டோ போட்டிக்கு வராதவரை, இம்பாக்ஸ் லாபத்தில் பங்கு தரும்.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இரண்டையும் எதிர்த்தது. முதல் சமரசம் போட்டியை முறித்ததென்ற அதன் முடிவை 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. இரண்டாவதன்மீதான வழக்கு 2022இல் தள்ளுபடியானது. 2023இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. காப்புரிமை உடையவர் ஒருவருக்கு மட்டும் உரிமம் தருவதைச் சட்டம் அனுமதிக்கிறது என்றனர் நீதிபதிகள். சமரசம் நடந்ததால்தான் நோயாளிக்கு மலிவான மாத்திரை தொடர்ந்து கிடைத்தது என்பது இம்பாக்ஸின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை.

ஆயினும் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தெளிவாகிறது. பழைய மாத்திரை ஆபத்தானது என்று எண்டோ மனுச் செய்தது 2012இல். அந்த மாத்திரையின் விற்பனைச் சரிவுக்கு ஈடு பேசியதும், அதையே 2013 முதல் விற்க இம்பாக்ஸுக்கு உரிமம் தந்ததும் 2010இல். ஏழாண்டு கழித்து அதன் லாபத்தில் பங்கும் கேட்டது. நோயாளியின் பாதுகாப்பு மனுவில் மட்டுமே இடம்பெற்றது; ஒப்பந்தங்களில் அதற்கு விலை எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை.