பி.சி.ஜி. தடுப்பூசி விவாதமும் பெற்றோர் இசைவும்: சென்னை, 1948–1955

முன்னுரை

2017 பிப்ரவரி 6ஆம் நாள் தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை, முன்னரே தட்டம்மை ஊசி போட்டிருப்பினும், மீண்டும் ஒருமுறை செலுத்துவது திட்டம். முகாம் பெரிதும் பள்ளிகளையே நம்பியிருந்தது. சில நாள்களிலேயே வாட்ஸ்அப் வழியே அச்சமூட்டும் செய்திகள் பரவின. சென்னைப் பெற்றோர் பலர் முகாம் நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொண்டனர். அரசு முகாமின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது.

இந்நிகழ்வைச் சமூக ஊடகத்தின் விளைவு என்று மட்டும் விளக்குவது வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் போதாது. அறுபது ஆண்டுகளுக்கு முன், நாளிதழும் சிறு வெளியீடுமே கருத்தைப் பரப்பிய காலத்தில், இதே நகரில் இதே வினா எழுந்தது: பள்ளியில் நிற்கும் பிள்ளையின் உடலில் ஊசி போட யார் இசைவு தருவது? காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சுற்றி 1948 முதல் 1955 வரை சென்னையில் நடந்த விவாதத்தை இக்கட்டுரை அவ்வினாவின் வழியே அணுகுகிறது. ராஜாஜியின் பெயரால் நினைவுகூரப்படும் அவ்விவாதம், தடுப்பூசி நல்லதா தீயதா என்ற ஒற்றைக் கேள்வியாகவே பெரும்பாலும் சுருக்கப்படுகிறது. அதனுள் இருந்த இசைவு பற்றிய கேள்வி தனித்துப் பார்க்கத்தக்கது.

கிண்டியும் வகுப்பறையும்

போர் முடிந்த காலத்தில் காசநோயின் பரப்பு அச்சுறுத்துவதாக இருந்தது. போர்க் குழு 1946இல் அளித்த அறிக்கை, நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் பேர் இந்நோயால் இறப்பதாகவும், நோயாளிகள் 25 லட்சம் பேர் இருப்பதாகவும், அவர்களுக்கென உள்ள படுக்கைகளோ 6,000 அளவே எனவும் மதிப்பிட்டது. தாம்பரத்திலும் மதனப்பள்ளியிலும் இருந்த காசநோய் மருத்துவமனைகளைப் போல் நூறு கட்டினாலும் இவ்விடைவெளி நிரம்பாது. ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதுதான் வந்திருந்தது, விலையோ எட்டாதது. கால்மெட், கெரென் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் உருவாக்கி 1921 முதல் மனிதருக்குச் செலுத்தப்பட்ட பி.சி.ஜி. மட்டுமே செலவு குறைந்த வழியாகத் தோன்றியது. 1948இல் சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. உற்பத்திக்கூடம் அமைந்தது, அதே ஆண்டில் மதனப்பள்ளியில் முன்னோட்டப் பணியும் தொடங்கியது. ஸ்காண்டிநேவியச் செஞ்சிலுவை அமைப்புகளும் யூனிசெஃபும் துணைநின்றன. 1951 முதல் அது நாடு தழுவிய இயக்கமாக விரிந்தது.

இயக்கம் செயல்பட்ட முறையைச் சற்று விரிவாகக் காண வேண்டும். முதல்நாள் பிள்ளையின் முன்கையில் டியூபர்குலின் சோதனை ஊசி போடப்படும். மூன்று நாள் கழித்துக் குழு மீண்டும் வந்து தடிப்பை அளக்கும். தடிப்பில்லாத பிள்ளைகளுக்கே பி.சி.ஜி. செலுத்தப்படும். எனவே ஒரே வாரத்தில் ஒரு பிள்ளைக்கு இரு ஊசிகள். அடுத்த இருக்கைப் பிள்ளைக்கு ஒன்று மட்டும். இவ்வேறுபாட்டின் பொருள் என்னவென்று வீட்டில் எவரும் கேட்டால் சொல்லப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மேலும், பி.சி.ஜி. போட்ட இடம் உடனே ஒன்றும் காட்டாது. சில வாரங்களில் கொப்புளமாகி, புண்ணாகி, ஆறித் தழும்பாகும். பிள்ளைக்கு என்ன செய்யப்பட்டது என்பதைப் புண்ணைக் கண்டபின் ஒரு தாய் கேட்டறியக்கூடிய அமைப்பு இது.

சட்ட நிலை இங்கே விந்தையானது. பெரியம்மைக்கு அம்மை குத்துதல் கட்டாயம். 1880ஆம் ஆண்டு இந்தியத் தடுப்பூசிச் சட்டமே குழந்தையை அம்மை குத்தக் கொண்டுவரும் கடமையைப் பெற்றோர் அல்லது காப்பாளர்மீது சுமத்தியது. இந்தியாவில் அவ்வகையில் முதலாவதான 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் கட்டாய அம்மை குத்துதலுக்கு இடமளித்தது. பி.சி.ஜி.க்கு இத்தகைய சட்டம் ஏதுமில்லை. அது விருப்பத்தின்பாற்பட்டது என்றே அரசு கூறிவந்தது. ஆனால் கட்டாயச் சட்டத்தில் பெற்றோர் ஒரு தரப்பு: அழைப்பு அவருக்கு வரும், மறுத்தால் தண்டமும் அவருக்கே. விருப்பத் திட்டத்தின் வகுப்பறை வரிசையில் அவர் காணாமற்போனார். கட்டாயம் அவரை அடக்கியது உண்மை. எனினும் அவர் இருப்பதை அது ஏற்றது. பி.சி.ஜி. இயக்கம் அவரைக் கேட்காமலே ‘விருப்பம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது.

இதே காலத்தில் பிரிட்டனில் நடந்ததை ஒப்பிடலாம். அங்கு 1953இல் பள்ளி மாணவர்க்கு பி.சி.ஜி. தொடங்கியபோது பெற்றோரின் இசைவு கேட்டுப் பெறப்பட்டது. அமெரிக்காவும் நெதர்லாந்தும் பொதுமக்கள் அனைவர்க்குமான பி.சி.ஜி. திட்டத்தை மேற்கொள்ளவே இல்லை. சென்னையின் ஆங்கில நாளிதழ் வாசகர் இவ்வேறுபாட்டைக் கவனித்தனர்.

ராமனும் ராஜாஜியும்

எதிர்ப்பை முதலில் தொடங்கியவர் ராஜாஜி அல்லர். ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் ஏ. வி. ராமன் 1948 முதலே சென்னையிலிருந்து தளராமல் எழுதிவந்தார். குடிநீர், கழிவுநீர், காற்றோட்டமுள்ள வீடு ஆகியவற்றில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவருக்கு, காசநோய் வறுமையின் நோயாகத் தோன்றியதில் வியப்பில்லை. நெருக்கடியான குடியிருப்பையும் உணவுக் குறைவையும் விட்டுவிட்டு ஊசியை நாடுவது அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும் என்பது அவர் வாதத்தின் மையம். நலமுள்ள பிள்ளையின் உடலில் உயிருள்ள நுண்ணுயிரைச் செலுத்துவது சோதனையே என்றும் அவர் கருதினார்.

1954இல் முதலமைச்சர் பதவியினின்று விலகிய ராஜாஜி, அடுத்த ஆண்டில் இவ்விவாதத்தில் இறங்கினார். பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சிறு நூலொன்றையும் 1955இல் வெளியிட்டார். தலைமை ஆளுநராக இருந்தவர் எழுதியதால் ராமனின் குரலுக்குக் கிடைக்காத கவனம் அதற்குக் கிடைத்தது. எதிர்த்தரப்பில் நின்றவர் மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர். பல்லாண்டு காந்தியின் செயலாளராகப் பணியாற்றியவர். காந்தியோ அம்மை குத்துதலை வெளிப்படையாகக் கண்டித்தவர். ஆகவே இதனைக் காந்தியத்துக்கும் நவீன மருத்துவத்துக்குமான மோதலாக மட்டும் காண்பது பொருந்தாது. இரு காந்தியர் இரு பக்கங்களில் நின்றனர்.

ராஜாஜியின் வாதங்கள் ஒரே தரத்தன அல்ல. வெளிநாட்டு மருத்துவர்களின் ஐயங்களை அவர் வழக்குரைஞருக்குரிய திறத்தோடு திரட்டினார். மாறான சான்றுகளுக்கு அதே இடம் தரவில்லை. இத்தகைய எதிர்ப்புகளில் தவறாது எழுந்தது லூபெக் நிகழ்வு. ஜெர்மனியின் அந்நகரில் 1930இல் பி.சி.ஜி. அளிக்கப்பட்ட குழந்தைகளுள் 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் அங்கு நேர்ந்தது, வீரியமிக்க காசநோய்க் கிருமி ஆய்வகத்திலேயே தடுப்பு மருந்தில் கலந்துவிட்ட பிழை. பி.சி.ஜி. நுண்ணுயிர் தானே கொடியதாக மாறும் என்ற அச்சத்தைப் பின்வந்த பல்லாண்டுப் பட்டறிவு மெய்ப்பிக்கவில்லை. இவ்வகையில் ராஜாஜி மக்களிடையே தேவையற்ற அச்சத்தை வளர்த்தார் என்றே கூற வேண்டும்.

இசைவு பற்றிய அவரது நிலை வேறு. ஐயத்துக்கு இடமுள்ள ஒன்றை, அறிந்து ஏற்காத மக்களின் பிள்ளைகள்மீது பெருந்திரளாகச் செய்வது முறையன்று என்பது மருத்துவ வாதமன்று. ஆட்சி பற்றிய வாதம். அரசின் மறுமொழிகள் தடுப்பூசியின் நன்மையையும் உலக வல்லுநர் ஒப்புதலையும் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தன. நல்லது என்பதால் கேட்க வேண்டியதில்லை என்பதே அவற்றின் உட்கிடை.

மறுக்கும் ஆற்றல் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஆங்கில நாளிதழ் வாங்கும் வீட்டுக்குக் குடும்ப மருத்துவர் உண்டு; பிள்ளையை ஒருநாள் நிறுத்திக்கொள்ளவும் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதவும் இயலும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையின் தந்தைக்கு இவை அரிது. காசநோயின் சுமையோ அவர் வாழும் குடிசையில்தான் மிகுதி. இசைவின் பெயரால் பேசியவர்கள் பெரும்பாலும் தம்மைக் காத்துக்கொள்ள முடிந்தவர்கள். ஊசியின் பெயரால் பேசிய அரசும் குடிசைவாசியிடம் கேட்கவில்லை.

செங்கல்பட்டு அளித்த விடை

1955இல் இரு தரப்பும் காட்டிய உறுதிக்கு ஏற்ற சான்று எவரிடமும் இல்லை. வட அமெரிக்கப் பழங்குடியினரிடம் 1930களில் தொடங்கிய ஆய்வு நல்ல பயன் காட்டியிருந்தது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பேராய்வின் முதல் அறிக்கை 1956இல்தான் வந்தது. அது காட்டிய காப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. அமெரிக்கத் தென்மாநில ஆய்வோ மிகக் குறைந்த பயனையே காட்டிற்று. இம்முரணைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலகச் சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் இணைந்து 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் கள ஆய்வைத் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர்.

ஏழரை ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1979இல் வெளியானது. தொற்று பரப்பும் நுரையீரல் காசநோயினின்று பெரியவர்க்கு பி.சி.ஜி. காப்பளிக்கவில்லை. 1999இல் வெளியான பதினைந்தாண்டு முடிவும் அதையே உறுதிசெய்தது. இதனை ராஜாஜியின் வெற்றியாகக் காட்டுவோர் உளர். அது பிழை. அவர் முதன்மையாக அஞ்சியது தீங்கு. ஆய்வு காட்டியது பயனின்மை. அதுவும் ஒருவகை நோயில் மட்டும். கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளைச்சவ்வுக் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. தடுப்பதைப் பிற ஆய்வுகள் நிறுவியுள்ளன. பிறந்தவுடன் அது போடப்படுவது அதனாலேயே. வகுப்பறை வரிசையில் நின்ற பிள்ளையின் வயது அதன் பயன் உறுதியாகத் தெரிந்த வயதன்று.

மீண்டும் கிண்டி

2008 ஜனவரியில் கிண்டிக் கூடம், குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றின் உற்பத்தி உரிமங்களையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. நல்லுற்பத்தி நெறிகள் பின்பற்றப்படவில்லை என்பது காரணம். அதே ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப்பின் நான்கு குழந்தைகள் இறந்தன. இம்முறை எழுந்த குரல் வேறுவகையானது: பொதுச் சுகாதார ஆர்வலர்கள் அரசுக் கூடங்களைத் திறக்கக் கோரினர். உரிமங்கள் 2010இல் திருப்பித் தரப்பட்டன. ஊசியின் தரத்தைப் பற்றியும் அதைச் செய்வது யார் என்பதைப் பற்றியும் நடந்த இவ்விவாதத்திலும் பெற்றோர் ஒரு தரப்பாக அமரவில்லை.

நீதிமன்றங்களே பின்னர் அவ்விடத்தைத் தொட்டன. 2019 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப் பெற்றோர் இசைவு வேண்டும் என்றது. பக்கவிளைவுகளைச் சொன்னால் பெற்றோர் பின்வாங்குவர் என்பது அவற்றை மறைக்கக் காரணமாகாது என்றும் கூறியது. 2022 மே 2ஆம் நாள் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல்மீதான உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும், எவரையும் தடுப்பூசிக்குக் கட்டாயப்படுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் கேள்விக்குள்ளான மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. பிள்ளைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் மட்டும், உலக அறிவியல் கருத்தோடு அது ஒத்துள்ளதெனக் கூறி, நீதிமன்றம் தலையிட மறுத்தது.